பின்கதவு வைக்காத வீடு

மோரிஸ் தம் வாழ்நாளில் மனிதர்களுக்கென்று ஏர்கோன் வாங்கியவரில்லை. கம்ப்யூட்டருக்கு வாங்கினார்.

சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அவருடைய டிராயிங் ஆபீஸ். அங்கே பல வருஷமாக ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அவர் தலைக்கு மேலே. மற்றவர்கள் வேர்வை பிளானில் சொட்டாமலிருக்கக் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வரைந்தார்கள். எண்பத்தேழாம் வருஷம் பினாங்கிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. சூடு பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்று விற்றவன் ஒரு வார்த்தை சொன்னான். மறுநாளே ஏர்கோன் வந்துவிட்டது. மிஷினுக்கென்று ஒரு சின்ன அறை தடுத்து, குளிர் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டி, அதற்குள்ளே பிரிஜெட்டையும் உட்கார வைத்தார். காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் அவள் கண்ணில் வெளிச்சம் படும்.

பிரிஜெட்டுக்கு இருபத்துநாலு வயது. செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண். டிராப்ட்ஸ்மேன்கள் வரைந்ததை நகலெடுக்கத்தான் வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டரைத் தொட அந்த ஆண்பிள்ளைகளுக்குப் பயம். தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் சம்பளத்தில் பிடிப்பாரே! இவள் தொட்டாள். இரண்டு மாதத்தில் அது இவள் சொன்னபடி கேட்டது. அதற்குப் பரிசுதான் அந்தக் குளிரறை. கெட்டிக்காரியாக இருந்தால் இப்படித்தான், தூக்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அந்த மிஷினில் மோரிஸுக்குப் பைத்தியமே பிடிக்கும்படி ஒரு வசதி இருந்தது. ஒரு கதவை, ஒரு தண்ணீர்த் தொட்டியை, ஒரு முழு வீட்டைக்கூட ஒரு தடவை வரைந்து, அதற்கு ஒரு பெயர் வைத்து டிஸ்க்கில் சேமித்துவிடலாம். அப்புறம் எந்தப் பிளானிலும் பெயரைத் தட்டினால் போதும், அந்த உருவம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிடப் பெரிய விஷயம், பிளானில் இருப்பது நகலில்லை. இந்த இடத்தில் இன்ன உருவம் என்கிற குறிப்பு மட்டும்தான் அங்கே இருக்கும். டிஸ்க்கில் இருக்கும் மூல உருவத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால், அது உட்கார்ந்திருக்கிற இடத்திலெல்லாம் தானே திருந்திவிடும்.

"ஒரு தடவ வரை, ஆயிரம் தடவ வை!" என்று மோரிஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஏதோ அவரே ராத்திரி கண்விழித்துக் கண்டுபிடித்த மாதிரி.

அப்படியிருக்கும்போதுதான் பிரிஜெட்டின் தோட்டத்து வேலையே வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் பழைய பலகை லயங்களை இடித்துவிட்டு நாற்பது கல் வீடுகள் கட்டப்போகிறார்கள். ஆட்களுக்குப் பழகிய அமைப்பே இருக்கட்டும், கல்லில் மட்டும் கட்டினால் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"நீ அந்த ஊட்டுல பொறந்த பிள்ளதானே? ஒனக்குத் தெரியாத வீடா?" என்றார் மோரிஸ். "சைட்டுக்குப் போய் அளவெடுக்கறதெல்லாம் வேணாம். ஒங்க வீட்டையே அளந்து வந்து டிஸ்க்ல போட்டுரு. வெட்டி அறிவெல்லாம் வேணாம், சிம்பிள் லா."

அவள் அன்று சாயங்காலமே டேப்பைப் பிடித்து வீட்டை அளந்தாள். முன்கூடம், ஒரு படுக்கையறை, பின்னால் அடுப்படி. மறுநாள் குளிரறையில் உட்கார்ந்து வரைந்து, 'வீடு ஒன்று' என்று பெயர் வைத்துச் சேமித்தாள். ஒன்றை நாற்பதாக வைக்க அரை மணிநேரம்கூட ஆகவில்லை. மோரிஸ் பார்த்தார். மேனேஜர் பார்த்தார். கட்டிக்கொடுக்கிற குத்தகைக்காரர் பார்த்தார். அடுப்படிக்குள் கால் வைத்தறியாத அத்தனை ஆண்களும் பார்த்து, சரி என்று கையெழுத்தும் போட்டார்கள்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரிஜெட் அம்மாவோடு பார்க்கப் போனாள். பெருமையாகத்தான் போனாள். நான் வரைந்தது என்று மனசுக்குள் ஒரு துள்ளல் இருக்காதா? பக்கத்து வீட்டுப் பாப்பம்மா ஏற்கெனவே அங்கே நின்று, ஒவ்வொரு வீட்டின் பின்சுவரையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"அடியே பிரிஜெட்டு! பொறவாசல் எங்கடி?"

"எந்தப் பொறவாசல்க்கா?"

"நல்லா கேட்ட போ! அடுப்பாங்கரையிலேருந்து வெளிய போற வாசல்டி. கழுவுன தண்ணிய எங்குட்டு ஊத்துறது? கூடத்து வழியா தூக்கிட்டுப் போவணுமா? அடுப்பு பத்திக்கிச்சுன்னா எங்குட்டு ஓடுறது?"

"எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தாள் பிரிஜெட்.

"ஒங்க வீட்டுலதான்டி இல்ல! ஒங்கப்பன் அடச்சுப்புட்டான். எங்க வீட்டையெல்லாமா வந்து அடச்சான்?"

பிரிஜெட்டுக்கு முகமெல்லாம் எரிந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு செங்கல்லைப் பார்த்தாள்.

அவளுடைய அப்பா ஏசுதாசன், பால்வெட்டை மேற்பார்க்கும் மண்டோர். கோயிலும் வேலையும் தவிர வேறு தெரியாத மனிதர். எழுபத்தேழாம் வருஷம் மூத்தவள் அகத்தா, லோரி ஓட்டும் சுப்பிரமணியத்தோடு போய்விட்டாள். பின்கதவு வழியாகத்தான் ஓடியிருக்கிறாள் என்று அப்பா முடிவு கட்டினார். அன்றைக்கே பலகைகளைக் குறுக்கே வைத்து ஆணி அடித்தார். பலகை தெரியாமல் ஓர் அலமாரியை நகர்த்தி, அதன்மேல் மாதா படத்தை வைத்தார். அன்றிலிருந்து சாயங்கால ஜெபமாலை அங்கேதான். கதவு இருந்ததை பிரிஜெட் மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. பதின்மூன்று வயதுவரை அவளும் அதன் வழியே ஓடி விளையாடியவள்தான். ஆனால் தினம் முழந்தாள்போட்டுக் கும்பிடுகிற இடத்தை யார் கதவென்று நினைப்பார்கள்? அது மாதா சுவர். சுவர் என்றே அளந்தாள், சுவர் என்றே வரைந்தாள். அகத்தா போனபிறகு மற்ற வீட்டு அடுப்படிகளுக்குள் போகவும் அவளுக்கு அனுமதியில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக மோரிஸிடம் போய் நின்றாள்.

"சார், பின்கதவு விட்டுப்போச்சு. என் தப்புதான். சொவரு இன்னும் இடுப்பு ஒசரம்தான் சார். டிஸ்க்ல ஒரே ஒரு உருவத்த மாத்துனா போதும், நாப்பதும் மாறிரும். இன்னைக்கே புது பிளான் குடுத்துறலாம்."

மோரிஸ் நாற்காலியில் சாய்ந்தார்.

"யாராச்சும் புகார் பண்ணாங்களா?"

"பாப்பம்மாக்கா கேட்டாங்க."

"பாப்பம்மா!" அவர் சிரித்தார். "மேனேஜர் கேக்கல. குத்தகைக்காரன் கேக்கல. நாப்பது கதவு மிச்சம்னு அவனுங்க சந்தோஷமா இருக்கானுங்க. இப்ப நானே போய், 'ஐயா, எங்க ஆபீஸ்ல கதவ மறந்துட்டோம்'னு சொல்லணுமா? கம்ப்யூட்டர் வாங்கி என்ன கிழிச்சேன்னு ஊரே சிரிக்கும் லா."

"ஆனா சார், அடுப்பு பத்திக்கிச்சுன்னா..."

"பிரிஜெட். அந்த வீடு இங்க மட்டும் இல்லம்மா. மெர்போக் பக்கத்துல இன்னொரு தோட்டத்துக்கும் அதையேதான் எடுத்துப் போட்டேன். நீ லீவு போட்டிருந்த அன்னைக்கு, நானே பேரத் தட்டி வச்சேன். அங்க கூரையே ஏறிருச்சு. ஒருத்தரும் மூச்சு விடல."

அப்பா அடித்த ஆணி எங்கெங்கோ போய் இறங்கிக்கொண்டிருக்கிறது. முகமறியாத பெண்கள், முகமறியாத அடுப்படிகள், எல்லாவற்றிலும் தன் வீட்டுச் சுவர். அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"இந்தப் பேச்ச விட்டுறு," என்றார் மோரிஸ். "வேலையில இருக்கணும்ல?"

அந்தக் கடைசி வார்த்தை எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். காலையில் அம்மா பஸ் ஏற்றிவிடுவாள்; சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும். நடுவில் கிடைக்கிற அந்த எட்டு மணிநேரமும், கோயிலில் முதல் வரிசையில் முழந்தாள் போடுகிற மோரிஸின் ஆபீஸ் என்பதால்தான் கிடைத்தது. வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் அப்பா அனுப்பியிருப்பாரா? இந்த வேலை போனால் மாதா சுவருக்கு இந்தப்பக்கம்தான் ஆயுசு முழுக்க.

அவள் குளிரறைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் சுவர் ஒரு வரிசை ஏறியிருக்கும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நெஞ்சளவு வந்துவிட்டால் அப்புறம் யாரும் உடைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை, நான் என்ன செய்ய என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். அது தேறினால்தானே?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மோரிஸ் அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தார். கட்டடத்துக் கொத்தனார் பிச்சை, தலை சொட்டச் சொட்டப் படியேறி வந்து, கூழாகிப்போன ஒரு காகிதச் சுருளை நீட்டினார்.

"ஷெட்டு ஒழுகி பிளான் பூரா நாசமாப் போச்சு தங்கச்சி. புதுசு ஒண்ணு எடுத்துக் குடு. மோரிஸ் சார்கிட்ட போன்ல சொல்லிட்டேன். ஒங்கிட்ட வாங்கிக்கச் சொன்னாரு."

"சொவரு எதுவரைக்கும் வந்திருக்குண்ணே?"

"அந்த இடுப்பு ஒசரத்துலயேதான் நிக்குது. மழ விட்டாத்தானே! நாளைலேருந்து ஏத்தணும்."

பிரிஜெட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய பிளானை அப்படியே எடுத்துக் கொடுத்தால் ஒரு வம்பும் இல்லை. அவள் 'வீடு ஒன்று' என்ற உருவத்தைத் திறந்தாள். பின்சுவரை வெட்டினாள். 'கதவு' என்று தட்டி அந்த இடைவெளியில் வைத்தாள். அதே பெயரில் சேமித்தாள். பிறகு முழுத் தோட்டத்துப் பிளானைக் கூப்பிட்டாள்.

அந்தக் காலத்து மிஷின் மெதுவாகத்தான் வரையும். முதல் வீடு வந்தது, பின்னால் கதவோடு. அடுத்தது வந்தது. அடுத்தது. ஒவ்வோர் அடுப்படியாகத் திறந்துகொண்டே போனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷமா, பயமா, இரண்டும்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாட்டருக்கு அனுப்பினாள். அது தானே பேனாவைப் பிடித்து நாற்பது கதவுகளையும் வரைந்தது.

பிச்சை விரித்துப் பார்த்தார்.

"அட, பொறவாசல் வந்திருச்சே! நானே கேக்கணும்னு நெனச்சேன். சார் சொல்லி மாத்துனதா?"

"ஆமாண்ணே," என்றாள்.

அவ்வளவுதான். பிச்சை பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அன்றைக்கு மோட்டாரில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, கொட்டுகிற மழையிலும் பிரிஜெட்டுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

சிரிப்பு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, அந்த மாடிப்படியில் ஒருநாளும் கால் வைக்காத ஏசுதாசன் ஏறி வந்தார். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மோரிஸ் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வீடு குடுக்கறது ரொம்ப சந்தோஷம் சார்," என்றார் அப்பா. "முனை வீடு எங்களுக்குனு சொல்லிட்டாங்க. நேத்து பூசை முடிஞ்சு போய்ப் பாத்தேன். அடுப்படியில பொறவாசல் வச்சிருக்கான். மொதல்ல இடுப்பு ஒசரத்துல பாத்தப்ப அங்க சொவரு எடவெளியில்லாம இருந்துச்சு சார். ஒடச்சு வச்சிருக்கான்."

"கதவா? பிளான்ல கதவே கெடையாதே!"

சொன்னவர் அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பிக் குளிரறைக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே பிரிஜெட் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டாள்.

"இங்க வா. யாரக் கேட்டு மாத்துன?"

"ஒங்களத்தான் கேட்டேன் சார். நீங்க வேணாம்னீங்க."

மோரிஸின் முகம் சிவந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கும் முன்னே அப்பா முந்திக்கொண்டார்.

"நீயா வச்ச?" குரல் உடைந்துபோயிருந்தது. "ஒங்கக்கா அந்த வழியாத்தானே போனா? அன்னைக்கு அடிச்ச ஆணி சார், இன்னைக்கு வரைக்கும் அந்த அடைப்பப் பாத்துட்டுப் படுத்தாத்தான் எனக்குக் கண்ணு மூடும். இவளும் போயிட்டா நான் என்ன சார் பண்ணுவேன்? வேலைய விட்டு நிறுத்திருங்க. வீட்டோட இருக்கட்டும்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிரிஜெட்டுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கத்த வேண்டும்போல ஆத்திரமாகவும் இருந்தது. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். அகத்தா பின்கதவு வழியாகப் போகவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், முன்வாசலில் சாய்வு நாற்காலியில் முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் நீட்டிய காலைத் தாண்டித்தான் போனாள். பிரிஜெட் கூடத்தில் நின்று பார்த்தாள். அக்கா திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். இப்போது அது தொண்டைவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? இருக்கிற முன்கதவும் போகும். விழுங்கிக்கொண்டாள்.

இதற்குள் மோரிஸின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. இவளை நிறுத்தினால் மிஷினை யார் ஓட்டுவது என்ற ஞானம் பிறந்துவிட்டது போலிருக்கிறது.

"ஒக்காருங்க ஏசுதாசன். கோவத்துல எதையும் செய்யக்கூடாது. பிள்ள நல்ல பிள்ள. என் கண்ணு முன்னாலதான் இருக்கா, சன்னலக்கூட தொறக்கறதில்ல. மத்த வீட்டுலெல்லாம் சொவரு ஏறிருச்சு, இனி அத்தனையையும் போய் அடைக்க முடியாது, அது கெடக்கட்டும். ஒங்க வீட்டுக்கு மட்டும் கதவு வேணாம், அவ்வளவுதானே? இப்பவே மாத்திக் குடுத்துறேன். சரிதானே?"

அப்பா யோசித்துத் தலையாட்டினார். இரண்டு பேரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது கதவுகளும் தப்பித்துவிட்டன, வேலையும் தப்பித்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட வேண்டுமாம்.

குளிரறைக்குள் மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும். அவள் நாற்காலியில் உட்கார, இரண்டு பேரும் பின்னால் நின்றார்கள். முனை வீட்டை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் 'வீடு ஒன்று' உருவத்தில் கை வைக்கக் கூடாது; வைத்தால் எல்லா வீட்டுக் கதவும் போய்விடும். தனியாக ஓர் உருவம் செய்து, தனிப் பெயரில் சேமிக்க வேண்டும். அவள் வீட்டைத் திரையில் கூப்பிட்டாள். கதவை அழித்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுவரை இழுத்தாள்.

"அட, இவ்வளவு சுலுவா அடஞ்சிருச்சே!" என்றார் அப்பா. மகள் வேலை செய்வதை அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாகப் பார்க்கிறார். அவள் தோளில் கையை வைத்தார். "கெட்டிக்காரிதான்டா நீ."

எத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை அது. வந்த நேரத்தைப் பாருங்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள்.

மிஷின், இந்த உருவத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு நின்றது.

"ஏதாச்சும் ஒரு பேரப் போடும்மா," என்று அவசரப்பட்டார் மோரிஸ்.

'பிரிஜெட்' என்று அடித்துச் சேமித்தாள்.

அந்த வருஷக் கடைசியில் எல்லோரும் கல் வீடுகளுக்குக் குடிபோனார்கள். பாப்பம்மா தன் புதுப் பின்வாசலில் நின்று தண்ணீரை வீசி ஊற்றும் சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் காலையிலும் மாலையிலும் கேட்கும். முனை வீட்டு அடுப்படியில் பலகையும் இல்லை, ஆணியும் இல்லை. வழுவழுவென்று சிமெண்ட் பூசிய சுவர், அதன்மேல் மாதா படம். அப்பா நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வருஷம் அலோர் ஸ்டார் பக்கத்து மெர்கோங்கிலிருந்து ஒருவர் ஆபீசுக்கு வந்தார். நல்ல வசதிக்காரர், சொந்த வீடு கட்டப்போகிறார். மூன்றும் பெண்பிள்ளைகள், காலம் கெட்டுக் கிடக்கிறது, பின்பக்கம் வாசலே இல்லாமல் ஒரு வீடு வேண்டும் என்றார்.

"அதுக்கென்ன, எங்ககிட்ட ரெடியாவே ஒண்ணு இருக்கு," என்றார் மோரிஸ். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. குளிரறைப் பக்கம் தலையைத் திருப்பி, வந்தவர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னார்.

"அந்த பிரிஜெட்ட எடுத்துப் போட்டுரும்மா."

அவள் பெயரைத் தட்டினாள். வீடு வந்து உட்கார்ந்தது.